பிறந்த மண்ணா, பாட்டன் பெயரா? – அடிமைக் காலத் தீர்ப்பும், மலையகத் தமிழரும், நம் வீட்டுப் பிள்ளைகளும்

'குடி' என்ற சொல்லுக்குத் தமிழில் பல பொருள் உண்டு. வீடு என்றும் பொருள், குடும்பம் என்றும் பொருள், ஊர் மக்கள் என்றும் பொருள். ஓரிடத்தில் நிலையாக இருப்பதைக் 'குடியிருப்பு' என்கிறோம். திருக்குறளில் 'குடிமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே அது நல்ல குடும்பத்தில் பிறந்தவரின் பண்பைக் குறிக்கிறது. ஆக, ஒரே வேர்ச்சொல்லுக்குள் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. நீ எங்கே இருக்கிறாய் என்பது ஒன்று. நீ யாருக்குப் பிறந்தாய் என்பது மற்றொன்று. குடியுரிமை பற்றி உலகத்தில் நடந்த பெரிய வழக்குகள் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவே நடந்தவைதான்.

நான் வியாபாரி, சட்டம் படித்தவன் அல்லேன். கடை சாத்திய பிறகு படித்துச் சேர்த்தவற்றை இங்கே எழுதுகிறேன். எழுதத் தூண்டியது நம் சங்கத்துக் குடும்பங்களின் கவலைதான். ஹைதராபாத், செகந்திராபாத்தில் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இல்லாத தமிழ் வீடு குறைவு. 2025 ஜனவரி 20ஆம் தேதி அங்கே அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ பச்சை அட்டைக்காரராகவோ இல்லையென்றால், அங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது என்றது அந்த ஆணை. தாய் அனுமதியின்றி அங்கே தங்கியிருந்தாலும் அப்படியே. அன்று முதல் விழாக்களில் சந்திக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "சார், நம்ம பேரன் எந்த நாட்டுக்காரன்?"

இந்தக் கேள்வி புதியது அல்ல. இதற்கு முன்னால் ஓர் அடிமையைக் குறித்துக் கேட்கப்பட்டது. பிறகு நம் தமிழர் பத்து லட்சம் பேரைக் குறித்துக் கேட்கப்பட்டது. இரண்டு இடத்திலும் கிடைத்த பதிலையும் அதன் பலனையும் பார்த்தால், இன்றைய விவாதம் தெளிவாகப் புரியும்.

ட்ரெட் ஸ்காட் தொடுத்த வழக்கு

ட்ரெட் ஸ்காட் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருந்த ஒரு கறுப்பின அடிமை. அவருடைய எஜமானர் ராணுவ மருத்துவர். உத்தியோகம் மாறியபோது ஸ்காட்டையும் அடிமை முறை தடை செய்யப்பட்டிருந்த இல்லினாய் மாநிலத்துக்கும், விஸ்கான்சின் பிரதேசத்துக்கும் அழைத்துப் போனார். பல ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு மிசௌரிக்குத் திரும்பினார்கள். சுதந்திர மண்ணில் குடியிருந்ததால் தாங்கள் சுதந்திரர் என்று 1846இல் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் வழக்குத் தொடுத்தார்கள். 1850இல் கீழ்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1852இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. பிறகு வழக்கு மத்திய நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலத்துக் குடிமகன் வேறு மாநிலத்துக் குடிமகன் மேல் வழக்குப் போட்டால்தான் அந்த வழக்கு மத்திய நீதிமன்றத்துக்கு வர முடியும். எனவே, ஸ்காட் அடிமையா இல்லையா என்பதற்கு முன்னால், அவர் ஒரு குடிமகனா என்ற கேள்வி எழுந்தது. 1857 மார்ச் 6 அன்று தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்புச் சொன்னார். ஏழு நீதிபதிகள் ஒருபுறம், இருவர் மறுபுறம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சத்தார், அடிமையாக இருந்தாலும் விடுதலை பெற்றவராக இருந்தாலும், அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அதோடு நிற்கவில்லை. அடிமை என்பவன் எஜமானனின் சொத்து. சொத்தைப் பறிக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே புதிய பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுத்த சட்டமே செல்லாது என்றும் சொன்னார்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ் ஒரு சாதாரண உண்மையை எடுத்துக்காட்டினார். அமெரிக்க அரசியல் சட்டம் ஏற்கப்பட்ட காலத்திலேயே ஐந்து மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின ஆண்கள் வாக்குரிமை உள்ள குடிமக்களாக இருந்தார்கள். அந்தச் சட்டத்தை உண்டாக்கிய மக்களில் அவர்களும் சேர்த்தி. அப்படியிருக்க, அவர்கள் அந்த நாட்டவர் இல்லை என்று எப்படிச் சொல்வது? டானியின் பதில் வம்சத்தைப் பார்த்தது. கர்ட்டிஸின் பதில் பிறந்து வாழ்ந்த இடத்தைப் பார்த்தது.

ஸ்காட்டை அதே ஆண்டு மே மாதம் வேறொரு குடும்பம் சட்டப்படி விடுவித்தது. அடுத்த ஆண்டே அவர் காசநோயில் இறந்துபோனார். தீர்ப்பு வந்து நான்கு ஆண்டுகளில் அமெரிக்கா உள்நாட்டுப் போரில் இறங்கியது.

மண்ணைப் பார்த்த திருத்தம்

போர் முடிந்ததும் 1865இல் அடிமை முறை ஒழிந்தது. 1868இல் பதினான்காவது திருத்தம் வந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்டவர் எவரும் குடிமகன் என்று அது விதித்தது. டானியின் தீர்ப்பை நிரந்தரமாகப் புதைக்கவே இந்த வாசகம் எழுதப்பட்டது. இனி எந்த நீதிபதியும் ஒருவனுடைய பாட்டன் யார் என்று தோண்டிப் பார்க்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

இந்த வாசகம் வெளிநாட்டவர் பிள்ளைகளுக்கும் பொருந்துமா? அதற்கு வாங் கிம் ஆர்க் வழக்கு பதில் சொன்னது. அவர் 1873இல் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது 1895இல் அவரை உள்ளே விட மறுத்தார்கள். சீனர்களைத் தடுக்கும் சட்டம் அமலில் இருந்த காலம் அது. அவருடைய பெற்றோர் அங்கே குடியுரிமை பெறவே முடியாது. ஆனாலும் 1898இல் உச்ச நீதிமன்றம், அங்கே பிறந்தவர் அந்நாட்டுக் குடிமகனே என்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

பிறப்பால் வரும் உரிமை இப்படி மண்ணைப் பார்த்தது. ஆனால் வெளியிலிருந்து வந்து விண்ணப்பித்துப் பெறும் உரிமையோ வெகுகாலம் நிறத்தையே பார்த்தது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும் என்றது. 1870இல் ஆப்பிரிக்க வம்சத்தாரைச் சேர்த்தார்கள். ஆசியர் வெளியே நின்றார்கள். பஞ்சாபிலிருந்து போய், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்பவர், தாம் ஆரிய இனம், ஆகவே வெள்ளையர் என்று வாதாடிப் பார்த்தார். 1923இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1946இல்தான் இந்தியர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. திந்தின் வாதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. நான் மற்ற ஆசியரைப் போல் இல்லை, உங்களைச் சேர்ந்தவன் என்று வம்சத்தைக் காட்டி உள்ளே நுழையப் பார்த்தால், கதவைச் சாத்துபவனும் அதே வம்சத்தைக் காட்டித்தான் சாத்துவான்.

வாங் கிம் ஆர்க் தீர்ப்பு, பெற்றோர் அங்கே நிலையாகக் குடியிருந்தவர்கள் என்பதையும் குறிப்பிடுகிறது. 2025ஆம் ஆண்டு ஆணைக்கு ஆதரவானவர்கள் பிடித்துக்கொண்டது இந்தச் சொற்களைத்தான். விசாவில் வந்தவர் நிலையாகக் குடியிருப்பவர் ஆகமாட்டார் என்பது அவர்கள் வாதம். ஆணையைக் கீழ்நீதிமன்றங்கள் நிறுத்தி வைத்தன. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதற்கும் தடை போடக் கீழ்நீதிபதிகளுக்கு உள்ள அதிகாரத்தைக் குறைத்ததே தவிர, ஆணை சரியா தவறா என்று சொல்லவில்லை. பிறகு 2025 டிசம்பரில் அந்த மூலக் கேள்வியையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

கடல் தாண்டிய நம்மவர்

இனி நம் கதைக்கு வருவோம். ஆங்கிலேயர் தங்கள் ராஜ்ஜியங்களில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833இல் கொண்டுவந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் காப்பித் தோட்டங்கள் தளர்ந்தன. இலங்கை மலைநாட்டில் காப்பி பெருகியது. வேலைக்கு ஆள் வேண்டுமே! திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து பஞ்சத்திலும் கடனிலும் தவித்த ஏழை மக்களைக் கங்காணிகள் அழைத்துப் போனார்கள். காப்பிச் செடி நோயில் அழிந்ததும் தேயிலை வந்தது.

இவர்கள் அடிமைகள் அல்லர். விற்கவோ வாங்கவோ முடியாது. ஆனால் கட்டிப்போட வேறு வழி இருந்தது. அதற்குப் பெயர் 'துண்டு'. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்தில் எழுதிக்கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டத்துக்காரர் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால்தான் ஆள் இடம் மாற முடியும். ஆள் மாறினால் கடனும் கூடவே மாறும். 1921இல்தான் இந்த முறை சட்டப்படி ஒழிந்தது. கணக்குப் பேரேடு எழுதிப் பழகிய எனக்கு இதைப் படித்தபோது மனம் பதைத்தது. டானி மனிதனைச் சொத்துக் கணக்கில் எழுதினார் என்றால், இவர்கள் கடன் கணக்கில் எழுதினார்கள்.

இலங்கைக்கு 1948 பிப்ரவரி 4இல் சுதந்திரம் கிடைத்தது. அதே ஆண்டு 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்து, நவம்பர் 15 முதல் அமலானது. அந்தத் தேதிக்கு முன் இலங்கையில் பிறந்தவர், தம் தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தான் பிறந்தது மட்டும் போதாது. சட்டத்தில் 'தமிழர்' என்ற சொல் கிடையாது. 'தோட்டத் தொழிலாளி' என்ற சொல்லும் கிடையாது. பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவான சட்டம்.

ஆனால் நடைமுறையை யோசித்துப் பாருங்கள். பாட்டன் பிறந்த காலத்தில் பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லை. கிராமத்துச் சிங்கள விவசாயியிடமும் அந்தக் காகிதம் இருந்திருக்காது. ஆனால் அவரை யாரும் கேட்கப் போவதில்லை. தோட்டத்து லயத்தில் இருந்த தமிழரைத்தான் கேட்டார்கள். நாங்கள் கடையில் சரக்குக்குப் பில் வைத்திருக்கிறோம். அதுவும் சில வருஷத்துக்குத்தான். எழுத்தறியாத ஒரு கூலியிடம் மூன்று தலைமுறைப் பில்லைக் கேட்டால் அவர் எங்கே போவார்?

அடுத்த ஆண்டு, 1949இல், இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, குறிப்பிட்ட காலம் வசித்த இந்திய, பாகிஸ்தானியர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது: மணமானவருக்கு ஏழு ஆண்டு, ஆகாதவருக்குப் பத்து ஆண்டு. மற்றொன்று, குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்றது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. இந்தச் சட்டங்களை எதிர்த்தே எஸ்.ஜே.வி. செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலத்தின் கட்சியிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத் தமிழரிடம் வருவார்கள், நாளை நம்மிடம் வருவார்கள் என்பது அவருடைய எச்சரிக்கை.

கோடாக்கன் பிள்ளை வழக்கு

கோடாக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டார். அப்போதைய இலங்கை அரசியல் சட்டத்தில் 29ஆம் பிரிவு ஒன்று உண்டு. ஒரு சமூகத்தார் மீது மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத சுமையை ஏற்றும் சட்டம் செல்லாது என்று அது சொன்னது. கேகாலை மாவட்டத்தில் பட்டியலைத் திருத்தும் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம், இந்தச் சட்டங்கள் அந்தப் பிரிவை மீறுகின்றன என்று கோடாக்கன் பிள்ளைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1951இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1953இல் அங்கேயும் தோல்வி.

பிரிவி கவுன்சில் சொன்ன காரணம் இது: யார் குடிமகன் என்று வகுப்பது எந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம். மேலும், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இந்தியத் தமிழரும் குடியுரிமை பெற வாய்ப்பு இருக்கிறது. ஆகவே அந்தச் சமூகத்தை ஒதுக்குவதற்காகவே செய்த சட்டம் என்று கொள்ள முடியாது.

அந்த வாய்ப்பு நடைமுறையில் என்ன ஆயிற்று? ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

இப்போது இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டானி இனத்தின் பெயரைச் சொல்லி வாசலை அடைத்தார். பிரிவி கவுன்சில் அப்படி எந்த இழிசொல்லும் சொல்லவில்லை. மரியாதையான நடையில் எழுதிய தீர்ப்பு அது. டானி ஒரு சட்டத்தைச் செல்லாது என்றார். இவர்கள் ஒரு சட்டத்தைச் செல்லும் என்றார்கள். வேற்றுமை இவ்வளவு இருந்தும் முடிவு ஒன்றாகவே வந்தது. பிறந்து, உழைத்து, செல்வம் சேர்த்துக் கொடுத்த மண்ணில் லட்சக்கணக்கானோர் அந்நியர் ஆனார்கள். இரண்டிலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உன் முன்னோர் யார்?" அமெரிக்காவில் அந்தப் பிழை தீரப் பதினோரு ஆண்டும் ஒரு பெரும் போரும் தேவைப்பட்டன. இலங்கையில் ஐம்பத்தைந்து ஆண்டு ஆயிற்று.

பங்கு பிரித்த ஒப்பந்தங்கள்

அந்த ஐம்பத்தைந்து ஆண்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடற்றவராக நின்ற 9,75,000 பேரைப் பிரித்துக்கொள்ள 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராக வரும். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான் கணக்கில் வராதது.

வந்தவர்கள் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், கர்நாடகத்தில் புத்தூர், சுள்ளியா பக்கம் ரப்பர்த் தோட்டங்களிலும், வேறு பல இடங்களிலும் குடியேற்றப்பட்டார்கள். இன்று நாம் பெயர்ப்பலகையில் பார்க்கும் ரெப்கோ வங்கி, பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காக 1969இல் உண்டானதுதான். இலங்கையில் தங்கியவர்களுக்கு 1988இல் ஒரு சட்டமும், 2003இல் 35ஆம் எண் சட்டமும் வந்தன. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாக வசித்தவர்களும் அவர்கள் வம்சத்தாரும் குடிமக்களே என்றது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஆண்டுக் கடைசியில் நடந்த முகாம்களில் பத்தே நாளில் 1,90,000 பேருக்கு மேல் குடியுரிமை பெற்றார்கள். பத்து நாளில் முடியக்கூடிய வேலைக்கு மூன்று தலைமுறை காத்திருந்தது!

நம் நாட்டுச் சட்டம்

பக்கத்து நாட்டைச் சொல்லிவிட்டு நம் நாட்டைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. 1947 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பேச்சு வந்தபோது சர்தார் படேல், பிறப்பை அடிப்படையாகக் கொண்ட விரிந்த குடியுரிமையையே ஆதரித்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்தியருக்கு உரிமை கேட்கும் நாம் இங்கே குறுகிய பார்வை பார்க்கலாகாது என்பது அவர் கருத்து. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அப்படியே அமைந்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், தூதர் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே இந்தியர்.

அசாம் போராட்டத்துக்குப் பிறகு இது மாறியது. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இருவருமே இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்ட விரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். அதாவது, நம் சட்டமும் மண்ணிலிருந்து பெற்றோர் பெயருக்கு மெல்ல நகர்ந்திருக்கிறது. அசாமில் 2019 ஆகஸ்டில் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் இடம்பெறவில்லை. காகிதம் கேட்டால் யார் மாட்டிக்கொள்வார்கள் என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம்.

இதன் பலனைத் தமிழ்நாட்டு முகாம்களில் காணலாம். 1983க்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்களில் மலையகத் தமிழரும் உண்டு. இந்திய வம்சம் என்று இலங்கை தள்ளிய அதே மக்களை, இலங்கை அகதி என்று இங்கே தள்ளினோம். மண்டபம் முகாம், ஒரு காலத்தில் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நிறுத்தி வைத்து நோய்ச் சோதனை செய்த இடம். போனபோதும் மண்டபம், திரும்பியபோதும் மண்டபம். அங்கே 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 1987க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால் 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். அவருக்குப் பின், 1987 ஜூலைக்கு மேல் அதே முகாமில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. ஒரு தேதி எவ்வளவு பெரிய சுவர் பாருங்கள்.

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வழி செய்தது. நான் தமிழ்ச் சமணன். என் சமயத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இலங்கையின் பெயர் இல்லை. ஆகவே என்னைப் போலத் தமிழ் பேசி, முப்பது நாற்பது ஆண்டாக முகாமில் இருக்கும் இந்துவுக்கோ கிறிஸ்தவருக்கோ அந்த வழி திறக்கவில்லை. கடைப் பலகையில் 'ஜெயின்' என்று பார்த்துவிட்டு, "மார்வாடி ஐயா, தமிழ் நல்லா பேசுறீங்களே!" என்று நம்மவர்களே என்னிடம் சொல்வதுண்டு. தமிழ்நாட்டில் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உள்ள சமயம் என்று விளக்க வேண்டியிருக்கும். பெயரையும் முகத்தையும் பார்த்து ஒருவர் எங்கேயவர் என்று தீர்மானிப்பது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்குத்தான் இதைச் சொன்னேன்.

முல்கி என்ற சொல்

நாம் வாழும் ஹைதராபாத்துக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. 'முல்க்' என்றால் அரபியில் நாடு. 'முல்கி' என்றால் நாட்டுக்காரன். 1919இல் நிஜாம் அரசு வகுத்த விதிப்படி பதினைந்து ஆண்டு நிலையாக வசித்தவர் முல்கி ஆகலாம். அரசு வேலை அவர்களுக்குத்தான். பட்டாளத்தோடும் ரயில்வேயோடும் வந்த தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்களுக்கு இந்தச் சொல் நினைவிருக்கும். 1952இல் முல்கி அல்லாதவரை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்தபோது 'இட்லி சாம்பார் திரும்பிப் போ' என்றுகூடக் கோஷம் எழுந்தது.

பிறகு வழக்குகள். 1957ஆம் ஆண்டு வசிப்பிடச் சட்டத்தை 1969இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 1972இல் பழைய முல்கி விதிகள் செல்லும் என்றது. கிளர்ச்சியும் எதிர்க் கிளர்ச்சியும் நடந்து, 1973இல் ஆறு அம்சத் திட்டமும் அரசியல் சட்டத்தின் 371டி பிரிவும் வந்தன. இன்றைய 'உள்ளூர்' ஒதுக்கீடு அதன் வழி வந்ததே. மருத்துவப் படிப்பின் மாநில இடங்களுக்கு, தகுதித் தேர்வு வரையிலான நான்கு ஆண்டு தெலங்கானாவிலேயே படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பிளஸ் டூ படிக்கப் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பும் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது நமக்கு வருத்தம் தரலாம். ஆனால் இதையும் மலையகத் தமிழர் பட்டதையும் ஒன்றாக்கக் கூடாது. உள்ளூர் விதி ஒரு சலுகையை வரையறுக்கிறது. அது வசிப்பையும் படிப்பையும் பார்க்கிறது, பாட்டனைக் கேட்பதில்லை. இந்தியாவில் குடியுரிமை ஒன்றே. 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்கு ஒரு 'வாசவுரிமை' கிடையாது, நாடு முழுவதற்கும் ஒன்றுதான் என்று தெளிவாகச் சொன்னது. இங்கே நம் ஓட்டை யாரும் பறிக்க முடியாது. அந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்பது கோடாக்கன் பிள்ளையின் கதை தெரிந்தவருக்குத்தான் விளங்கும்.

மறுபக்கத்து நியாயம்

மறுபக்கத்தாரின் வாதத்தையும் கேட்க வேண்டும். 'அநேகாந்தம்' என்று எங்கள் சமயம் சொல்வது, ஒரு பொருளைப் பல கோணத்தில் பார்க்க வேண்டும் என்பதைத்தான். தோட்டங்களுக்காக நிலத்தை இழந்த கண்டிச் சிங்கள விவசாயிக்கு ஒரு பயம் இருந்தது. தன் ஊரிலேயே சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்று அசாமியருக்கு ஒரு பயம். குழந்தை பெறவே விமானம் ஏறி வருகிறார்கள் என்று அமெரிக்கர் சிலர் குறைப்படுகிறார்கள். எந்த நாட்டுக்கும் தன் வாசலில் யாரை விடுவது என்று முடிவு செய்யும் உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

நான் கண்டது இவ்வளவுதான். வாசலில் நிற்பவரைப் பற்றிய சட்டம் வேறு, வீட்டுக்குள் பிறந்த குழந்தையைப் பற்றிய சட்டம் வேறு. முன்னதில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும், தள்ளப்பட்டவர் திரும்பிப் போக அவருக்கென்று ஓர் இடம் இருக்கும். பின்னதில் கை வைத்தால், அந்தக் குழந்தைக்குப் போக இடமே இல்லாமல் போகலாம். அதன் பிள்ளைக்கும் அப்படியே. டானியின் தீர்ப்பும், 1948ஆம் ஆண்டுச் சட்டமும் செய்தது அதைத்தான்.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது

கடைசியாகச் சில காரியங்கள். அமெரிக்காவில் பிறக்கும் பேரப்பிள்ளைக்கு அந்நாட்டுக் குடியுரிமை இல்லை என்ற நிலை வந்தால், இந்தியக் குடியுரிமை தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 3க்குப் பின் வெளிநாட்டில் பிறந்த குழந்தையை, வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியோடு, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். இங்கே பிறக்கும் குழந்தையின் பிறப்பை இருபத்தொரு நாளுக்குள் பதிய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆதார் அட்டை குடியுரிமைக்குச் சான்று ஆகாது. அந்தச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. தாத்தா பாட்டியின் பழைய பள்ளிச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், ரயில்வே உத்தியோகக் கடிதம் எதையும் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள்.

நம்மிடம் காகிதம் இருக்கிறது, படிக்கவும் தெரியும், வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இருக்கிறது. இவை எதுவும் இல்லாத மனிதரிடம் மூன்று தலைமுறைக் கணக்குக் கேட்கும் பேச்சு எந்த நாட்டில் எழுந்தாலும், அவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும், மலையகத் தமிழரை நினைத்துக்கொண்டு பதில் சொல்லும் கடமை தமிழராகிய நமக்கு இருக்கிறது.